எண்ணாமல் விட்டவர்கள் யார்?

வாசகர் கேள்வி – பதில்

வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பிறப்பு, இறப்பு, காய்ச்சல், தடுப்பூசிப் பதிவேடுகள் மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும். கூட்டிச் சரிபார்த்து மேலிடத்துக்கு அனுப்புவேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு துணை சுகாதார நிலையத்திலிருந்து மூன்று மாதங்கள் தொடர்ந்து வயிற்றுப்போக்கு ‘பூஜ்யம்’ என்று வந்தது. கூட்டத்தில் அந்த ஊரைப் பாராட்டினார்கள். ஐப்பசி மழையில் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் அவதிப்பட்டபோது அங்கே மட்டும் எப்படி என்று எனக்கு உறுத்தியது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். செவிலியர் பேறுகால விடுப்பில் இருந்தார். மாற்று ஆள் போடப்படவில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெறும் பக்கத்தைத்தான் யாரோ பூஜ்யம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று முதல், ஓர் எண்ணைக் கண்டால் எண்ணியவர் யார், எண்ணாமல் விட்டது யாரை என்று கேட்காமல் நான் அதை நம்புவதில்லை. இந்த மாதக் கடிதங்களுக்கும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். நோய் பற்றிய கடிதங்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் 40 வீடுகள். நான்கு ஆண்டுகளில் ஆறு பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது, மூவர் இறந்துவிட்டார்கள். கடற்கரைக் கருமணலில் கதிர்வீச்சு இருக்கிறது, அதுதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. உண்மையா அம்மா?
*– வாசகி, மணவாளக்குறிச்சி அருகே*

மகளே, மூன்று வீடுகளின் துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

மணலில் தொடங்குகிறேன். நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் இருக்கிறது. அதனால் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். இதை யாரும் மறுக்கவில்லை. அதிகக் கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கும் என்பதிலும் ஐயமில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் உன் தெருவின் ஆறு பேருக்கு விடை கிடைத்ததுபோல் தோன்றும். அந்த முடிச்சு தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

போன வாரம் என் பேத்தியோடு ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் வரிசைக்கு ஆறாக 36 தரை ஓடுகள். 36 கடுகை எண்ணி அவள் உள்ளங்கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அறை முழுவதும் விழும்படி வீசச் சொன்னேன். ஓட்டுக்கு ஒரு கடுகு விழுந்திருக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். குனிந்து எண்ணினோம். 14 ஓடுகள் காலி. இரண்டு ஓடுகளில் மும்மூன்று. அலமாரிப் பக்கத்து ஓடு ஒன்றில் மட்டும் ஐந்து. “பாட்டி, இந்த ஓட்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. யாரும் குறிவைக்காமல் வீசினால் இப்படித்தான் விழும்; 36 ஓட்டில் 13 வாக்கில் காலியாகக் கிடக்கும் என்பதே கணக்கு. ஐந்து கடுகு விழுந்த ஓட்டில் குடியிருப்பவர் நமக்குக் கடிதம் எழுதுகிறார். காலி ஓட்டில் இருப்பவர் எழுதுவதில்லை. உன் தெருவிலிருந்து கடிதம் வந்தது. நான்கு ஆண்டுகளில் ஒருவருக்கும் புற்றுநோய் வராத தெரு ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கும். அங்கிருந்து எனக்கு யாரும் எழுதப்போவதில்லை.

இதனால் உன் தெருவில் காரணமே இல்லை என்று நான் சொல்லிவிடவில்லை. ஆறு என்ற எண் மட்டும் காரணத்தைக் காட்டாது என்கிறேன், அவ்வளவுதான்.

இனி அந்த ஆறு பேர். இருவருக்கு மார்பகம், ஒருவருக்கு வாய், ஒருவருக்குக் கருப்பை வாய், ஒருவருக்கு இரைப்பை, ஒருவருக்கு இரத்தம் என்று எழுதியிருக்கிறாய். ‘புற்றுநோய்’ என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, இவை வெவ்வேறு வழியில் வரும் நோய்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்றால் வருவது. வாய்ப் புற்றுநோயில் புகையிலையும் பாக்கும் முன்னால் நிற்கின்றன. ஒரே மணல் ஆறு பேரைத் தாக்கியது என்றால், ஒரே வகை நோய் பலருக்கு வந்திருக்கும் என்றே முதலில் எதிர்பார்ப்பேன்.

நம்மைப் போலவே மோனசைட் மணலில் வாழும் ஊர் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. அங்கே வீடு வீடாகப் போய், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். 30 முதல் 84 வயது வரையுள்ள ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2005 முடிவதற்குள் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் நோயும் கூடியதா என்று பார்த்தார்கள். கூடவில்லை. 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் நோய் வந்த தெருவை மட்டும் தேடிப் போகவில்லை. நோய் வராதவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரத்தப் புற்றுநோய் அந்த 1,379இல் 30 பேருக்குத்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சிறு கூடுதல் இருந்தாலும் கண்ணில் படாது. ‘மணல் அறவே தீங்கற்றது’ என்று அந்த ஆய்வைக் காட்டி யாராவது சொன்னால், அதையும் ஏற்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘முன்பெல்லாம் இவ்வளவு புற்றுநோய் இல்லையே’ என்று எழுதியிருக்கிறாய். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு. நம் ஆட்கள் கட்டி என்றால் ஸ்கேன் எடுக்கிறார்கள், நாகர்கோவிலில் சொன்னது போதாதென்று திருவனந்தபுரத்துக்கும் போகிறார்கள். தேடுகிறவர் கூடினால் கண்டுபிடிப்பும் கூடும். தென் கொரியாவில் நடந்ததைக் கேள். 1999இல் அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. கூடவே கழுத்து ஸ்கேனும் மலிவாகக் கிடைத்தது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உயிருக்கு ஒன்றும் செய்யாமல் கழுத்தில் சும்மா கிடந்திருக்கும் கட்டிகளையெல்லாம் எண்ணியிருக்கிறார்கள். பலருக்கு அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது.

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டு எடு. ஆறு பேருக்கும் ஆறு பக்கம். வயது, எந்த உறுப்பு, எந்த ஆண்டு தெரிந்தது, அந்தத் தெருவில் எத்தனை ஆண்டு குடியிருப்பு, என்ன தொழில், புகையிலை உண்டா என்று எழுது. பிறகு, நோய் வராத 34 வீடுகளுக்கும் அதே கேள்விகளைக் கேட்டு எழுது. பலரும் செய்யாமல் விடுவது அந்த இரண்டாம் பாதியைத்தான். நோட்டை மாவட்ட சுகாதார அலுவலரிடம் கொடு. மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. வயதைக் கணக்கில் எடுத்து உங்கள் ஊரை மற்ற ஊர்களோடு ஒப்பிடும்படி எழுத்தில் கேள். கேட்பது உங்கள் உரிமை.

தினமும் அதிகாலையில் கடற்கரையில் நடக்கிறேன். 70 வயது கடந்தவர்கள் வள்ளத்தைத் தள்ளுகிறார்கள், வலை இழுக்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த என் நண்பர்களால் படி ஏற முடியவில்லை. கடல் தொழில் ஆயுளைக் கூட்டுமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், குளச்சல்*

ஐயா, என் தாய்வீடு முட்டம் பக்கம். என் பெரியப்பா 52 வயதில் இடுப்பு ஒடிந்ததுபோல் ஆகிக் கடலுக்குப் போவதை நிறுத்தினார். அதன் பிறகு 11 ஆண்டுகள் திண்ணையில் சாய்ந்து பழைய வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அவர் திண்ணை கரையிலிருந்து மூன்றாவது தெருவில். நீங்கள் அந்நாளில் கரையோரம் நடந்திருந்தால் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு வள்ளம் தள்ள வருகிறவர்கள், தள்ள முடிந்தவர்கள். முடியாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் போனவர்கள்; வீட்டிலும் இல்லை, கரையிலும் இல்லை. தொழிலில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் எந்தக் கடினமான தொழிலும் உடம்புக்கு நல்லதாகத்தான் தெரியும். முந்திரி ஆலையிலும் இதே கதை: தோல் கழன்றவரும் மூச்சுத் திணறியவரும் முன்பே நின்றுவிடுவார்கள், ஆலைக்குள் மருத்துவ முகாம் வைத்தால் நல்ல உடம்போடு இருப்பவர்களே வரிசையில் நிற்பார்கள். 30 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போன அத்தனை பேரின் பெயரையும் எழுதி, இன்று ஒவ்வொருவரும் எங்கே என்று தேடினால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

புள்ளியியல் வகுப்பில் ‘தொடர்பு வேறு, காரணம் வேறு’ என்று படித்தேன். அப்படியானால் புகைபிடிப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? யாரையும் கட்டாயப்படுத்திப் புகைக்க வைத்துச் சோதிக்கவில்லையே! என் தாத்தா பீடி பிடித்தே 91 வயது வரை இருந்தார்.
*– கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

தம்பி, உன் வயதில் இதைக் கேட்கிறாயே என்று மகிழ்ச்சியாக இருக்கிறது. உன் கேள்வியை உலகத்தின் மிகப் பெரிய புள்ளியியல் அறிஞரே கேட்டிருக்கிறார். அவர் ரொனால்ட் ஃபிஷர். நீ வகுப்பில் படிக்கும் சோதனைகளில் பாதி அவர் தந்தவை. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு கொண்டுவரலாம்; அல்லது நோயின் தொடக்க எரிச்சலே ஒருவரைப் புகைக்கத் தூண்டலாம் என்று அவர் வாதிட்டார். அவர் புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதைக் காட்டி அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதிலைக் கட்டியெழுப்பியவர்கள் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர். 1950இல் வெளிவந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களிடமும், வேறு நோயோடு மருத்துவமனையில் கிடந்த 649 ஆண்களிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். புற்றுநோய் வந்தவர்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். மற்றவர்களில் 27 பேர். இதைப் பார்த்து ஒருவர் கேட்கலாம்: ‘இவருக்கு நுரையீரல் புற்றுநோய்’ என்று தெரிந்துகொண்டு கேட்டதால் கேட்டவர் துருவித் துருவிக் கேட்டிருப்பாரோ? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. முதலில் நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பேட்டி எடுத்த பிறகு ‘இல்லை, வேறு நோய்’ என்று தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். பேட்டி எடுத்தவர் இவர்களையும் புற்றுநோயாளி என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் இவர்களுடைய புகைக் கணக்கு, புற்றுநோய் இல்லாதவர்களின் கணக்கோடு பொருந்தியது. கேட்டவரின் எதிர்பார்ப்பு எண்ணை வளைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அந்த ஆய்வின்போதே டால் புகைப்பதை விட்டுவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. நோய் வந்தபின் பின்னோக்கிக் கேட்டது போதாதென்று, 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டு, இப்போது புகைக்கிறீர்களா, எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். 34,439 ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புகை முன்னால், நோய் பின்னால். எவ்வளவு அதிகம் புகைத்தார்களோ அவ்வளவு அதிகம் நோய். விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது; 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழு ஆயுளையும் மீட்டார்கள். பரம்பரைக் கூறுதான் காரணம் என்றால், சிகரெட்டைக் கீழே போட்டதும் ஆபத்து எப்படிக் குறையும்? ஃபிஷரின் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள்.

1965இல் ஹில் ஓர் உரையில், தொடர்பு எப்போது காரணமாகும் என்று எடைபோட ஒன்பது கோணங்களைச் சொன்னார். தொடர்பின் வலிமை, எது முன் எது பின் என்ற வரிசை, அளவு கூடினால் விளைவு கூடுவது, வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆட்கள் பார்த்தும் அதுவே தெரிவது என்று போகும். இவற்றைச் சட்டம்போல் மனப்பாடம் செய்யாதே. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ‘இதைவிட நல்ல விளக்கம் வேறு உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கான துணை அவை. எந்த ஒரு கோணமும் தனியாக நிரூபணம் ஆகாது. வெவ்வேறு திசையிலிருந்து வந்த சாட்சிகள் ஒரே ஆளைக் கைகாட்டும்போது நம்புகிறோம்.

உன் தாத்தா 91 வயது வரை இருந்ததில் எனக்கும் சந்தோஷம். விடாமல் புகைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைப் புகை கொல்கிறது என்றால், மறுபாதியில் தாத்தாக்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவரோடு சேர்ந்து பீடி பிடித்த கூட்டாளிகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த வயதில் போனார்கள் என்று உன் பாட்டியிடம் கேட்டுப் பார்.

வளைகுடாவில் இருக்கும் மகன், புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைப் புட்டிகள் அனுப்புகிறான். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு, அந்தச் சத்துதான் மாத்திரையில் இருக்கிறது என்கிறான். சாப்பிடலாமா?
*– வாசகர், மார்த்தாண்டம்*

மகனின் பாசத்தைப் பெட்டியில் வையுங்கள்; புட்டியை உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் திறக்காதீர்கள். நீங்கள் முன்னாள் புகைப்பழக்கம் உள்ளவர் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

பழம் நிறையச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் புகைக்காதவர், நடப்பவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர். நோய் குறைந்தது பழத்தாலா, மற்றவற்றாலா என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரே நல்ல வழி சீட்டுக் குலுக்கல்: யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தால், வசதியானவரும் ஏழையும், நடப்பவரும் நடக்காதவரும் இரண்டு பக்கமும் கலந்து விழுவார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை அப்படிப் பிரித்து, பழம் காய்கறியில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. தடுக்கும் என்று நம்பிக் கொடுத்தது அது.

குலுக்கல் நம்முடைய ஊரிலும் ஒரு பெரிய நம்பிக்கையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. காசநோய் என்றால் சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்று நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவர்கள் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி திறந்தது இந்த ஆய்வுதான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பழம் சாப்பிடுங்கள். மட்டிப் பழத்துக்கு நம் ஊரில் என்ன குறை?

தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு விஷம் என்று ஒருவர் அனுப்புகிறார். அமிர்தம் என்று இன்னொருவர் அனுப்புகிறார். இருவரும் ஆராய்ச்சியைக் காட்டுகிறார்கள்.
*– வாசகி, கருங்கல்*

இருவரும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறார்கள். கொச்சியில் இதய நோயுள்ள 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெயும் மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை, 2016இல் வெளிவந்தது. அமிர்தம் என்பவர் காட்டுவது இதை. 2020இல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பை டெசிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குக் கூட்டுவது தெரிந்தது. விஷம் என்பவர் காட்டுவது அதை.

கொச்சியில் இருந்தவர்கள் எல்லோரும் முறையாக இதய மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மேலும் மாரடைப்புக் கணக்கைத் தீர்க்க 200 பேர் போதாது. வேறுபாடு தெரியவில்லை என்பதை, வேறுபாடு இல்லை என்று படித்துவிடக் கூடாது. மறுபக்கம், 16 சோதனைகள் எண்ணியது இரத்தக் கொழுப்பை, மாரடைப்பை எண்ணவில்லை. என் சமையலறையில் சாளைக் குழம்புக்கும் மரச்சீனிக்கும் தேங்காய் எண்ணெய்தான். பொரிப்பதை மட்டும் குறைத்துவிட்டேன். கொழுப்பு ஏற்கெனவே கூடியிருந்தால் எண்ணெயை மாற்றுவதே நல்லது என்பது என் முடிவு.

நான் சாப்பிடும் மாத்திரை, இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டும் ஆபத்தை ‘இரு மடங்காக்கும்’ என்று செய்தி பார்த்தேன். நிறுத்திவிட்டேன்.
*– பெயர் வேண்டாம், குழித்துறை*

இன்றே மருத்துவரைப் பாருங்கள், மகளே. எத்தனையின் இரு மடங்கு என்று முதலில் கேட்க வேண்டும். 1995இல் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரை பற்றி இதே ‘இரு மடங்கு’ எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, 7,000இல் இருவருக்கு வரும் என்பதே அதன் பொருள். பயந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன. அந்த மாத்திரையைவிடக் கர்ப்பகாலத்தில்தான் இரத்தக்கட்டு ஆபத்து அதிகம் என்பதைத் தலைப்பில் யாரும் போடவில்லை.

பெற்றோர் வகுப்பில் சொன்னார்கள்: இனிப்பைத் தொடாமல் 15 நிமிடம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்களாம். என் ஐந்து வயது மகன் முன்னால் நேந்திரம் சிப்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. கவலையாக இருக்கிறது.
*– தாய், குலசேகரம்*

கவலையை இறக்கி வையம்மா. அந்த முதல் ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்தது. பெரும்பாலும் பேராசிரியர்களின், படித்தவர்களின் பிள்ளைகள். பிற்காலத்தில் தேடிக் கண்டு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டது நூறு பேருக்கும் குறைவு. 2018இல் பலதரப்பட்ட வீடுகளைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் திரும்பப் பார்த்தபோது, தொடர்பு பாதியாகச் சுருங்கியது. தாயின் படிப்பு, வீட்டு வருமானம், வீட்டுச் சூழல் இவற்றைக் கணக்கில் எடுத்ததும் மிச்சம் மிகக் கொஞ்சம்.

உன் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறாய். மழை வலுத்தால் வெட்டு நிற்கும், வெட்டு நின்றால் வீட்டில் வாங்குவது நிற்கும். அந்த வீட்டுக் குழந்தைக்கு, இன்று தட்டில் இருப்பது நாளை இருக்கும் என்று நம்பக் காரணம் குறைவு. உடனே எடுத்துத் தின்றதைப் பொறுமையின்மை என்று நான் சொல்ல மாட்டேன். அவனைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சிப்ஸை இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

மூட்டுவலி தாங்க முடியாமல் போனபோது ஒரு தைலம் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் பாதி குறைந்தது. தைலம்தானே காரணம்?
*– வாசகர், தோவாளை*

இருக்கலாம். ஆனால் ஏறி இறங்கும் வலி, உச்சத்துக்குப் போனால் தானாகவும் இறங்கும். நாமோ உச்சத்தில்தான் மருந்தைத் தேடுகிறோம். அடுத்த மூன்று மாதம் தினமும் வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள், தைலம் தேய்த்த நாளையும் தேய்க்காத நாளையும். பிறகு எனக்கு அனுப்புங்கள்.

எங்கள் ஊரில் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வருகிறது. கொரியாவில் நடந்ததுபோல் தேவையில்லாமல் கண்டுபிடித்துப் பயமுறுத்துவார்கள் என்று என் மருமகன் தடுக்கிறார். மாமனார் வெற்றிலையோடு புகையிலை போடுபவர். கூட்டிப் போகலாமா?
*– வாசகி, திருவட்டார்*

கட்டாயம் கூட்டிப் போங்கள். மருமகன் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் விடை நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஏழு ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இரு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கை மக்கள். 2005இல் வெளியான முடிவில், பரிசோதித்த பக்கம் வாய்ப் புற்றுநோய் 205 பேருக்குக் கண்டார்கள். மறுபக்கம் 158 பேருக்கு. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பரிசோதனை நோயைக் கூட்டியதாகத் தோன்றும். இறப்பைப் பாருங்கள்: பரிசோதித்த பக்கம் 77, மறுபக்கம் 87. எல்லோரையும் சேர்த்தால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களைத் தனியே பார்த்தபோதோ, பரிசோதித்த பக்கம் இறப்பு 34 சதவீதம் குறைவு. அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பழக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை. கொரியாவில் கண்டுபிடிப்பு கூடியது, சாவு குறையவில்லை. இங்கே உங்கள் மாமனாரைப் போன்றவர்களிடம் சாவு குறைந்தது.

என் கணவரும் வெற்றிலைப் பெட்டியைக் கீழே வைக்காதவர். பாக்கும் புகையிலையும் சுருட்டிக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தூங்குவார். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்ததை, சுண்ணாம்பு பட்ட புண் என்று சொல்லி ஒரு வருடம் கடத்தினார். மாவட்டம் முழுவதும் கணக்கெடுத்த நான், வீட்டில் ஒரு டார்ச்சை எடுத்து அந்த வாய்க்குள் பார்க்கவில்லை. போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

முகாமுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேரும் முன். வீட்டை விட்டுப் புறப்படும்போதே வெற்றிலையைத் துப்பி, நன்றாக வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சிவப்புக் கறையில் தடிப்பு தெரியாது. பல்செட் வைத்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள். நாக்கின் அடியையும் கடைவாயின் ஓரத்தையும் பார்த்தார்களா என்று நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் திரும்பவும் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.